ஷிட்ஸ் ஸ்டேடியத்தின் வாசலில் முதலில் ஒரு பலகை வையுங்கள்

போஸ்னான் மாநகர மன்ற உறுப்பினர்களுக்கும் மேயருக்கும்,

வணக்கம். போலந்தின் இந்த ஊரில் நகரத்துக்குச் சொந்தமாக இரண்டு பெரிய கால்பந்து ஸ்டேடியங்கள் இருக்கின்றன. புவ்கார்ஸ்கா தெருவில் இருப்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. 1980 ஆகஸ்டில் திறந்தீர்கள், 2012 யூரோ கோப்பைக்காகக் கோடிகளைக் கொட்டி இடித்துக் கட்டினீர்கள், 2010 செப்டம்பரில் பாடகர் ஸ்டிங்கின் கச்சேரியோடு மறுபடி திறந்தீர்கள். லெக் அணி அங்கே ஆடுகிறது, ஒரு மின்சார நிறுவனத்தின் பெயர் அதன் நெற்றியில் மின்னுகிறது. எல்லாம் சரி.

இந்த மடல் இன்னொன்றைப் பற்றியது. நம் ஊரின் வில்தா பகுதியில், யாத்விகா ராணி தெருவுக்குப் பக்கத்தில், மரங்களுக்குள் மறைந்து கிடக்கிற எட்மண்ட் ஷிட்ஸ் ஸ்டேடியம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் முதலில் காடுதான் தெரியும். கண் பழகிய பிறகுதான் அந்த மண்மேடு வளைந்து போவதும், அதன் மேல் கான்கிரீட் படிகள் வரிசை வரிசையாக இறங்குவதும் புரியும். படிகளின் விரிசல்களில் மேப்பிள் கன்றுகள் முளைத்து, இப்போது கையால் சுற்றிப் பிடிக்க முடியாத அளவுக்குப் பருத்துவிட்டன. பெஞ்சுகளில் பாசி. கோல் கம்பம் எங்கே இருந்தது என்று ஊகிக்கத்தான் முடியும்.

இதை என்ன செய்வது என்று பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். விளையாட்டுக்காரர்கள் மைதானம் வேண்டும் என்கிறார்கள். மரத்தில் கை வைக்காதே என்கிறார்கள் இயற்கை ஆர்வலர்கள். நினைவிடம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று பேரும் தனித்தனி மேசையில் உட்கார்ந்து பேசுவதுதான் எனக்குச் சிக்கலாகப் படுகிறது. ஏனென்றால் மூன்றும் ஒரே மண்ணில் நடந்தவை.

1929இல் போஸ்னானில் பொது தேசியக் கண்காட்சி நடந்தது. விடுதலை பெற்றுப் பத்து வருடத்தில் போலந்து என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று காட்ட மே முதல் செப்டம்பர் வரை நடந்த திருவிழா அது. 45 லட்சம் பேர் வந்து போனதாகக் கணக்கு. அந்தக் கண்காட்சியை ஒட்டி எழுந்ததுதான் இந்த ஸ்டேடியம். அதே 1929இல் போஸ்னானின் வார்த்தா கால்பந்து அணி முதல் முறையாக நாட்டுச் சாம்பியனானது. புதிய நாடு, புதிய ஸ்டேடியம், உள்ளூர் அணிக்குப் பட்டம். ஒரு ஊருக்கு இதைவிட நல்ல வருடம் அமையுமா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு பத்தே வருடம். 1939இல் ஜெர்மானியர்கள் வந்தார்கள். 1941 முதல் 1943 வரை இந்த ஸ்டேடியம் யூதர்களுக்கான கட்டாய உழைப்பு முகாம். வூட்ஜ் நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவிலிருந்தும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்தும் ஆண்களைக் கொண்டுவந்து, கேலரிக்குக் கீழேயும் மைதானத்திலும் அடைத்தார்கள். பகலில் ஊரெங்கும் மண் வெட்டவும் சாலை போடவும் அனுப்பினார்கள். கோடையில் நாம் நீந்தப் போகிறோமே, ருசவ்கா ஏரி, அதுவும் அந்த வருடங்களில் போலந்துக்காரர்களையும் யூதர்களையும் அடித்து வேலை வாங்கித் தோண்டியதுதான். அதன் கரையைக் கட்ட யூதக் கல்லறைகளின் கற்களையும் பயன்படுத்தினார்கள். பசியிலும் நோயிலும் செத்தவர்கள் போக, சிலரை இந்த மைதானத்திலேயே எல்லோர் கண்ணெதிரே தூக்கில் போட்டார்கள். ரொட்டி திருடியதற்கும் தப்ப முயன்றதற்கும் அதுதான் தண்டனை. 1943 ஆகஸ்டில் போஸ்னானின் யூத முகாம்களைக் கலைத்து, மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஊர் இங்கே நிற்கவில்லை.

போர் முடிந்ததும் மறுபடி பந்து உருள ஆரம்பித்தது. 1947இல் வார்த்தா இரண்டாவது முறை சாம்பியன். கேலரியைப் பெரிதாக்கினார்கள், கம்யூனிச அரசின் தேசிய தினமான ஜூலை 22இன் பெயரைச் சூட்டினார்கள். 1972இல் லெக் அணி முதல் பிரிவுக்கு ஏறிய பருவத்தில், ஸாவிஷா பித்கோஷ்ச்சுக்கு எதிரான ஆட்டத்துக்குச் சுமார் 60 ஆயிரம் பேர் திரண்டார்கள். லெக்கின் சொந்த மைதானம் அப்போது தெம்பியெட்ஸ் பகுதியில் இருந்தது. அவ்வளவு கூட்டத்துக்கு அது எங்கே தாங்கும்? அதனால் இங்கே. அந்த ஆட்டத்தைப் பார்த்த பெரியவர்கள் வில்தாவில் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் கண்ணில் ஒளி வரும். முகாமைப் பற்றிக் கேட்டால் பேச்சு சுருங்கிவிடும். அவர்களைக் குறை சொல்லவில்லை. யாரும் அவர்களிடம் அதைப் பேசவில்லை என்பதுதான் விஷயம்.

மறப்பது இந்த ஊருக்குத் தெரியாத கலை அல்ல. 1907இல் கட்டிய யூதர்களின் புதிய ஜெபக்கூடத்தை நாஜிகள் நீச்சல் குளமாக்கினார்கள். போருக்குப் பிறகு அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை; 2011 வரை பள்ளிப் பிள்ளைகள் அங்கேதான் நீந்தப் பழகினார்கள். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளவும் ஊருக்குத் தெரியும். 1956 ஜூனில் கம்யூனிச ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கிச் சுடப்பட்ட தொழிலாளர்களுக்காக மிட்ஸ்கெவிச் சதுக்கத்தில் நிற்கும் இரண்டு சிலுவைகளைப் பாருங்கள். 1981இல், அந்த ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே எழுப்பியவை. வேண்டும் என்று நினைத்தால் செய்வீர்கள்.

1990களின் கடைசியில் வார்த்தா இங்கிருந்து வெளியேறியது. பராமரிக்கக் காசில்லை, நிலத்தின் உரிமை தனியார் பக்கம் போனது, வீடு கட்டலாமா கடை கட்டலாமா என்று பேச்சு நடந்தது, ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒருவழியாக நகரமே திரும்ப வாங்கியது. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. 2020இல் வார்த்தா கால் நூற்றாண்டுக்குப் பிறகு முதல் பிரிவுக்குத் திரும்பியது. அவர்களுடைய சிறிய மைதானம் லீக் விதிகளுக்கு ஒத்துவரவில்லை. 2024இல் கீழே இறங்கும் வரை தங்கள் ‘உள்ளூர்’ ஆட்டங்களைச் சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி குரோஜிஸ்கில் ஆடினார்கள். சொந்த ஊரில் 60 ஆயிரம் பேர் உட்கார்ந்த கேலரியில் மரம் வளர்ந்துகொண்டிருந்தது.

அதற்காக இங்கே மறுபடி பெரிய ஸ்டேடியம் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. தேவையும் இல்லை, கூடவும் கூடாது. தூக்குமரம் நின்ற மண்ணில் பீர் கடை வைக்கிற விஷயம் அல்ல இது. முழுவதையும் வேலி போட்டு ஊமை நினைவிடமாக்குவதற்கும் எனக்குச் சம்மதமில்லை. வில்தாவின் பிள்ளைகள் ஓடியாட ஒரு புல்வெளி அங்கே இருக்கலாம், மேட்டின் மேல் மரங்களும் இருக்கலாம். எது எவ்வளவு என்பதைப் படித்தவர்கள் வரையட்டும்.

நான் கேட்பது அதற்கு முந்தைய வேலை. கட்டடக் கலைஞரைக் கூப்பிடுவதற்கு முன், வாசலில் ஒரு பலகை வையுங்கள். தெருவோரம் முகாமுக்கென்று ஒரு சிறு நினைவுச் சின்னம் இருப்பது எனக்குத் தெரியும். அது ஸ்டேடியத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஸ்டேடியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முகாமைப் பற்றிப் பேசுவதில்லை. புதிய பலகையில் 1929, 1941, 1943, 1947, 1972 எல்லாம் ஒரே பத்தியில், ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். போலிஷ் மொழியோடு எபிரேயத்திலும், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷிலும் எழுதுங்கள். வார்த்தாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்மண்ட் ஷிட்ஸ் யார் என்றும் நாலு வரி சேருங்கள். அவர் பெயரை உச்சரிக்கிற பாதிப் பேருக்கு அது தெரியாது.

கூடவே இன்னொன்று. பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்ய ஒரு ஆளை நியமியுங்கள். 1972 ஆட்டத்துக்குப் போனபோது இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. முகாம் நாட்களில் வேலிக்கு வெளியே சிறுவர்களாக இருந்தவர்கள் இன்னும் மூத்தவர்கள், இன்னும் குறைவானவர்கள். இதற்கு டெண்டர் வேண்டாம், மரம் வெட்ட அனுமதி வேண்டாம், யூரோ கோப்பை வர வேண்டியதில்லை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி போதும். அந்த வரி எந்தக் குழுவின் கூட்டத்தில், எந்தத் தேதியில் வரும் என்று மட்டும் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வில்தாவில் குடியிருந்து வரி கட்டும் ஒரு தமிழன்