பட்டியலை நூலோடு சேர்த்துப் படியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புத்தகத்தின் கடைசியில் வரும் கலைச்சொல் பட்டியலை யாரும் படிப்பதில்லை, காகிதம்தான் வீண் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். படிக்க ஒருத்தி இருக்கிறேன். 19 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறேன். பெரும்பாலும் அறிவியல் நூல்கள். அவர் சலித்துக்கொள்வதில் நியாயம் உண்டு. ஆனால் பட்டியலைக் குறைசொல்லிப் பயனில்லை, அதைத் திருத்துகிற விதம்தான் சரியில்லை.

நூல் அச்சுக்குப் போகிற அவசரத்தில் பட்டியல் மட்டும் தனியாக என் மேசைக்கு வரும். மேலிருந்து கீழே அதைப் படித்துக்கொண்டு போனால் சந்திப்பிழைதான் அகப்படும். நூலையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்மையில் வந்த ஓர் இயற்பியல் நூலில், 'மின்தடை: மின்னோட்டத்தை எதிர்க்கும் பொருள்' என்றிருந்தது. பார்த்தால் தப்பே தெரியாது. நான் வழக்கமாகச் செய்வது ஒன்றுண்டு. அந்தச் சொல் வரும் வாக்கியத்தை நூலில் தேடி எடுத்து, சொல்லைத் தூக்கிவிட்டு விளக்கத்தை அங்கே வைத்துப் படிப்பேன். 'இந்தக் கம்பியின் மின்தடை 5 ஓம்' என்பது 'இந்தக் கம்பியின் மின்னோட்டத்தை எதிர்க்கும் பொருள் 5 ஓம்' ஆகிவிட்டது! மின்தடை ஒரு பண்பு. பொருளுக்கு மின்தடையம் என்று வேறு சொல் இருக்கிறது. நூலாசிரியர் உள்ளே சரியாகத்தான் எழுதியிருந்தார். பட்டியல் போட்டவர் வேறொருவர். (வீட்டில் கரன்ட் போனாலும் மின்தடை என்றுதான் சொல்கிறோம், அது தனிக்கதை.)

அப்புறம், திசைவேகம். அதே நூலில் ஓர் இயலில் திசைவேகம், அடுத்ததில் வெறும் வேகம். கதையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நானே மாற்றிப் போடுவேன். இங்கே மாற்றினால் பொருளே மாறிவிடும். திசையையும் சேர்த்துச் சொன்னால்தான் திசைவேகம். ஒரே பொருளுக்கு உண்மையிலேயே இரண்டு பெயர் இருந்தால் ஒன்றுக்கு விளக்கம் எழுதி, மற்றதில் 'காண்க' என்று போடலாம். போன இடத்தில் விளக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மின்கடத்தியில் 'கடத்தி காண்க', கடத்தியில் 'மின்கடத்தி காண்க' என்று அலையவிட்ட பட்டியலையும் கண்டிருக்கிறேன்.

அகரவரிசையைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். சில மென்பொருள்கள், கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் கொடுத்திருக்கும் யூனிகோட் எண்ணைப் பார்த்தே அடுக்கும். அதில் ந-வை அடுத்து ன வந்துவிடும், புள்ளி எழுத்து கடைசிக்குப் போய்விடும். அதனால் 'அமிலம்' இருக்க வேண்டிய இடத்தில் 'அனல்' முந்திக்கொள்கிறது. 'அச்சு' போய் 'அசைவு'க்குப் பின்னால் நிற்கிறது. தேடுகிறவர் சொல்லே இல்லை என்று மூடி வைத்துவிடுவார். அந்த வாசகருக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கலாம்.

ஒன்று உங்களுக்கும். போன ஞாயிறு இணைப்பில் வந்த பட்டியலில் வானிலைக்கும் காலநிலைக்கும் ஒரே விளக்கம்: 'வெப்பம், மழை, காற்று ஆகியவற்றின் நிலை.' இன்று மழை பெய்யுமா என்பது வானிலை. காலநிலை என்று சொல்ல 30 ஆண்டுச் சராசரியாவது பார்ப்பது உலக வானிலை அமைப்பின் வழக்கம். அடுத்த இணைப்பில் இரண்டையும் பிரித்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் ஒரு வாசகி