போர்த்தாத துணி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவின் முப்பதாம் நாள் காரியம் முடிந்து இப்போதுதான் வீடு அடங்கியிருக்கிறது. என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் பிறந்த எழுத்தாளர் ஸ்கொலாஸ்டிக் முக்காசோங்காவைத்தான், திரும்பத் திரும்ப.

1956இல் பிறந்தவர். 1960இல் இவருடைய டுட்சி இனத்துக் குடும்பங்களை ஊரைவிட்டு அள்ளிக்கொண்டுபோய் நியாமாட்டா என்ற வறண்ட புதர்க்காட்டில் தள்ளினார்கள். அங்கேதான் வளர்ந்தார். சிப்பாய்கள் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, எங்கே பதுங்குவது என்று அம்மா ஸ்டெஃபானியா பிள்ளைகளுக்குப் பழக்கி வைத்திருந்தாராம்.

1973இல் டுட்சி மாணவர்களைப் படிப்பைவிட்டு விரட்டினார்கள். இவரையும் அண்ணனையும் பெற்றோர் எல்லை தாண்டிப் பக்கத்து நாடான புருண்டிக்கு அனுப்பிவிட்டார்கள். படித்த பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்ற முடிவு அது. அந்த இரவில் அந்தத் தாய் எப்படிக் கண்மூடியிருப்பாள், சொல்! 1992இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். 1994இல் ருவாண்டாவில் நடந்த டுட்சி இனப்படுகொலையில் இவர் குடும்பத்தில் பலரைக் கொன்றுவிட்டார்கள். அம்மாவும் அதில் போய்விட்டாள்.

நான் செத்தால் என் உடம்பைத் துணியால் மூடிவிடுங்கள், ஒரு தாயின் பிணத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று ஸ்டெஃபானியா மகள்களிடம் சொல்லிவைத்திருந்தாள். மூட இவர் அங்கே இல்லை. அந்தத் துணியைச் சொற்களால் நெய்கிறேன் என்றுதான் 2008இல் வந்த அம்மாவைப் பற்றிய புத்தகத்தைத் தொடங்குகிறார்.

ஆனால் கொலையைவிட அதில் வாழ்க்கைதான் அதிகம். சோள விளைச்சல், கல்யாணப் பேச்சுகள், பெண்களின் அரட்டை. தகரக்கூரை வீட்டில் ஸ்டெஃபானியாவுக்கு மனம் ஒட்டவில்லை. அதன் பின்னாலேயே வைக்கோல் பின்னிய பழைய மாதிரி வீடு ஒன்றை எழுப்பிக்கொள்கிறாள். அந்த அத்தியாயத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன். இவர் 2012இல் ரெனோடோ என்ற பிரெஞ்சு இலக்கியப் பரிசு வாங்கியது பெண்கள் பள்ளியைப் பற்றிய நாவலுக்கு. அதுவும் நல்ல நாவல்தான். எனக்கு அம்மா புத்தகம்தான் பெரிது.

எங்கள் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடியை மாமா போர்த்தினார். கால் பக்கம் விலகியிருந்ததை நான் இழுத்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, செல்வி.

ஆங்கிலப் பதிப்பு என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன்,
கலா