சூடம் மணக்கும் கத்திப்பிடி

பாம்பன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

நீ சந்தையில் வாங்கிய ஐந்து மடக்குச் சவரக்கத்திகளின் படங்கள் வந்தன. பிடிகள் என்ன பொருள் என்று கேட்டிருந்தாய். முதலில் ஒரு வேலை செய். தேன் நிறத்தில், வெளிச்சம் ஊடுருவுகிற பிடி போட்ட கத்தி ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாக, காற்றாட வை. அடுப்பு, ஹீட்டர் பக்கமே கொண்டுபோகாதே. அதை முடித்துவிட்டு வந்து மீதியைப் படி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் ஊர் உப்புக்காற்றில் துரு ஏறினால் வால், முனை என்று பார்க்காமல் எங்கும் ஏறும். இந்தக் கத்தியில் வால், அதாவது மடக்கினாலும் பிடிக்கு வெளியே நிற்கும் பின்பகுதி, பளிச்சென்று இருக்கிறது. மடக்கினால் பிடிக்குள் போகிற அலகு மட்டும் அரித்திருக்கிறது. பித்தளை ஆணியைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கிறது. அப்படியானால் துருவைக் கொடுத்தது காற்று அல்ல, பிடி. அது செல்லுலாய்டு. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, சூடம் சேர்த்துப் பிசைந்து செய்வது. அமெரிக்காவில் ஹயாட் என்பவர் 1870இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வயதாக ஆகச் சூடம் பறந்துவிடும், பிடி அமில ஆவியை விடத் தொடங்கும். அந்த ஆவி இரும்பைத் தின்னும். பிடியையும் இன்னும் வேகமாகக் கெடுக்கும். மூடிய பெட்டிக்குள் பக்கத்துக் கத்திகளையும் சேர்த்துக் கெடுக்கும். இதற்கு வைத்தியம் கிடையாது. அலகு தப்பினால் அலகை வைத்துக்கொள். பிடியைக் குப்பையில் போடாதே, எளிதில் தீப்பற்றும். உங்கள் ஊரில் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடு.

நான் சொல்வது சரிதானா என்று பார்க்க வேண்டுமா? கட்டை விரலால் பிடியைச் சூடேறும்வரை தேய்த்து உடனே முகர்ந்து பார். சூடம் மணக்கும். கோயில் ஊர்ப் பக்கத்தில் பிறந்த மூக்கு இதில் தவறாது. சிலர் ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செல்லுலாய்டில் அதைச் செய்தால் பொசுக்கென்று தீப்பிடிக்கும். அந்த வித்தை வேண்டாம்.

எல்லாச் செல்லுலாய்டும் இப்படிக் கெடுவதில்லை. கண்ணாடி போலத் தெரிகிற வகைதான் பெரும்பாலும் முதலில் போகும். கறுப்பும் வெள்ளையும் பல காலம் தாங்கும். உன்னிடம் இருக்கும் வெள்ளைப் பிடி அந்த ரகம். அதை யானைத் தந்தம் என்று விற்றவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் தெரியாமல் சொல்லியிருக்கலாம். படத்தில் கோடுகள் நோட்டுப் புத்தகத்தில் அச்சடித்தது போல ஒரே இடைவெளியில் ஓடுகின்றன. தந்தத்தில் நீளவாக்கில் ஓடும் கோடு நெளியும், ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் விலகும். குறுக்கே வெட்டிய முனையில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். எலும்பாக இருந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் கரும்புள்ளிகளும் சிறு கீறல்களும் தெரியும். உயிரோடு இருந்தபோது இரத்தம் ஓடிய துவாரங்கள் அவை. உன்னுடையதில் இரண்டும் இல்லை. நல்லதாகப் போயிற்று. தந்தமாக இருந்திருந்தால் ஊருக்குக் கொண்டுவர முடியாது.

பழுப்புப் புள்ளிகள் கலந்த பிடிதான் எனக்குக் கவலை. ஆமை ஓடாக இருந்தால் லென்ஸில் அந்தப் பழுப்பு முழுவதும் பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். போலியில் நிறம் புகைபோல வழிந்து கலந்திருக்கும். ஓடு என்றால் அது அழுங்காமை. நம் மன்னார் வளைகுடாவில் இருப்பதுதான். அதன் கறி சில நேரம் விஷமாகும் என்று நம் கரையில் பழைய ஆட்களுக்குத் தெரியும். சீப்புக்கும் கத்திப்பிடிக்கும் உலகம் முழுவதும் அதைக் கொன்று தீர்த்தார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் எந்த நாட்டு எல்லையையும் தாண்டக் கூடாது. நூறு வருடப் பழையது என்று வாதாடிச் சுங்கத்தில் நிற்காதே. சந்தேகமாக இருந்தால் அங்கேயே இருக்கட்டும்.

மங்கிப்போன பழுப்புப் பிடி எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். தேய்த்தால் கந்தக வாடை வரும். வெயில் பட்ட பக்கம் பழுப்பும் பச்சையுமாக வெளுக்கும்; அலகு மறைத்த உள்பக்கம் கறுப்பாகவே இருக்கும். வெந்நீரில் போட்டால் இன்னும் வெளுக்கும், போடாதே. நீரில் நனைத்த உப்புத்தாளால் 600, 1000, 2000 என்று எண் ஏற ஏறத் தேய்த்துக்கொண்டே போ. கறுப்பு அடியில் அப்படியே இருக்கிறது. பூ வேலைப்பாடு அச்சிட்ட பிடி என்றால் தேய்க்காதே, பூ போய்விடும்.

ஐந்தாவது கத்தியைப் பார்த்ததும் தாத்தா ஞாபகம் வந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில், 1964 புயலுக்கு முன், அவர் கொழும்பில் வாங்கிய, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த கத்திக்கு இதே எருமைக் கொம்புப் பிடிதான். என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இந்த ரகத்தை ஒருமுறை கையில் பிடித்தவன் பிளாஸ்டிக்கைத் தொட மாட்டான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடி: மெல்லிய ஓரத்தில் செம்பழுப்பு ஒளிரும், உள்ளே நார்நாராக ரேகை ஓடும். உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் முடி தீய்ந்த வாடை வரும். முடியும் நகமும் கொம்பும் ஒரே சரக்கு. அதனால்தான் கம்பளியைத் தின்னும் பூச்சி இதையும் தின்கிறது. உன் கத்தியில் வால்பக்கம் தெரியும் சின்னப் பள்ளங்கள் அதன் வேலையாக இருக்கலாம். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீஸரில் வை. பிறகு பையைத் திறக்காமலே வெளியே வைத்து, குளிர் போனபின் எடு.

கொம்பு ஏடு ஏடாகப் பிரிந்த இடத்தில் மெல்லிய உடனடிப் பசையை இறக்கி, காய்ந்ததும் தேய்த்துச் சமன்செய். பிறகு மாட்டுக்கால் எண்ணெய். தோல் சாமான் கடையில் கிடைக்கும். தடவி ஊறவிட்டு, துடைத்து, மறுபடி தடவு. காய்ந்த கொம்பு குடித்துக்கொண்டே இருக்கும். அவசரப்படாதே. பிடி வளைந்திருந்தால் அலகைக் கழற்றிய பின் வெந்நீரில் சூடேற்றி இரு பலகைக்கு நடுவே இறுக்கலாம். கொம்பு சூட்டுக்குக் கட்டுப்படும்.

ஆணியைக் கழற்றுவது கடைசி வழி. ஆடினால் சின்ன உருண்டைத்தலைச் சுத்தியால் இரு பக்கமும் மெல்லத் தட்டினாலே இறுகும். பழைய பிடிகளின் அடியில் இருக்கும் ஆப்பு பெரும்பாலும் ஈயம். அதில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஊதாதே. கையுறை போட்டு ஈரத்துணியால் துடை. எதைத் தேய்த்தாலும் முகமூடி கட்டு; செல்லுலாய்டை மெஷினில் கொடுக்கவே கொடுக்காதே.

நம் சலூனில் இப்போது பாதியாக உடைத்த பிளேடைச் செருகுகிற கத்திதான். முழுக்கத்தியை எடுத்தால் வந்தவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். அதுவும் நியாயம்தான், தொற்றுப் பயம். ஆனால் சிறு வயதில் கடை வாசலைத் தாண்டி உள்ளே வர வெட்கப்பட்ட நீ, இன்று சீமையில் இருந்துகொண்டு கத்திப்பிடி என்ன பொருள் என்று கேட்டு எழுதுகிறாய். அம்மாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கத்திக்குப் பேர்போன ஜெர்மனியின் சோலிங்கன் உனக்குப் பக்கம்தானே. அங்கே கிரேஃப்ராத்தில் கத்திகளுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது, ஒருநாள் போய்வா. சோலிங்கன் என்ற பெயரைக் கண்டவர்கள் கத்தியில் பொறிக்கக் கூடாது என்று 1938இலேயே சட்டம் போட்ட ஊர். வரும்போது கத்திகளைக் கைப்பையில் வைக்காதே, பெட்டியில் போட்டுவிடு.

அடுத்த முறை எழுதும்போது ஒவ்வொரு கத்தியின் வால்பக்க முத்திரையையும் பெரிதாகப் படம் எடுத்து அனுப்பு. நாட்டின் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1890க்குப் பிந்தியது. அலகு 1870க்கும் முந்தியதாக இருந்து பிடி செல்லுலாய்டு என்றால், யாரோ நடுவில் பிடியை மாற்றியிருக்கிறார்கள். அப்போது கொம்பில் புதுப்பிடி நானே செய்து தருகிறேன்.

ஆசிகளுடன்,
அப்பா