செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: மாணவர் ஆய்வுக் கட்டுரைப் பரிசு

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மழை கொட்டிய ஒரு மாதம் தவிர மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை இங்கே வாசிக்கப்போவதில்லை, அவரவருக்குத் தெரியும். மற்றபடி இந்த அறிக்கை முழுக்க, வெகுமக்கள் பண்பாடு குறித்த முதுநிலை மாணவர் கட்டுரைப் பரிசைப் பற்றியதுதான். இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். சண்டை போட்டுக்கொண்டதும் அதை வைத்துத்தான்.

பரிசை அறிவித்த அன்றே மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "பிளக்ஸ், சினிமாப் பாட்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்... இதை எழுதறதுக்கெல்லாம் பரிசா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் ரே பிரவுன் 1967இல் இதற்கென்று ஓர் ஆய்விதழ் தொடங்கி, 1973இல் தனித் துறையே அமைத்தபோது அவரும் இதே பேச்சைக் கேட்டவர்தான். இப்போது அங்கே இந்தத் துறைக்கான சங்கம் முதுநிலை மாணவர் கட்டுரைகளுக்குப் பரிசு கொடுக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? விடுதலைக்கு முந்தைய நாடகமும் சினிமாவும் அரசியலைச் சுமந்து போன கதையை 1981இலேயே புத்தகமாகப் போட்ட தியடோர் பாஸ்கரன் பேராசிரியர் இல்லை, அஞ்சல் துறை அதிகாரி. நம் சங்கத்திலும் பாதிப் பேர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள்தானே!

கட்டுரைகள் 11 வந்தன. அவற்றில் 6 கட்டுரைகள் வீட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைக்காமல் எழுதப்பட்டவை. கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழாவைப் பற்றிய கட்டுரைகூட யூடியூப் பார்த்தே எழுதப்பட்டிருந்தது. வாடிவாசல் என்று அதில் இருந்தது. அது மதுரைப் பக்கத்து ஏறு தழுவலில் உள்ள சொல். இங்கே மாடு தெருவில் ஓடும், யார் மாடு குறைந்த நொடியில் தூரத்தைக் கடக்கிறது என்பதுதான் போட்டி. ஒரு தை மாதம் நேரில் போய் நின்றிருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது.

இரண்டாம் பரிசு பாரதக் கூத்துக் கட்டுரைக்கு. பாரதப் போரின் முடிவை நடிக்கும் கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனைச் சுற்றி நிற்கும் கூட்டம், செல்போன் வந்த பிறகு எப்படி நிற்கிறது என்பதை அந்த மாணவர் கவனித்திருக்கிறார். முன்பு பெண்கள் நின்ற இடத்தில் இப்போது வீடியோ எடுக்கும் பையன்கள் நிற்கிறார்கள். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பதற்கு முன்னால் ஒரு கணம் கேமராப் பக்கம் பார்க்கிறார். அந்த ஒரு கணத்துக்காகத்தான் பரிசு.

முதல் பரிசு, நடுகல்லையும் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸையும் ஒப்பிட்ட மாணவிக்கு. தலைப்பைப் பார்த்ததும் நானே முகம் சுளித்தேன். எதையும் எதோடும் ஒப்பிடுவது நம் ஊர் ஆய்வுகளில் ஒரு வியாதி. ஆனால் அவர் தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்த கையோடு, பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பிளக்ஸ் கடையில் போய் நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். கல் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை தொல்காப்பியம் ஆறு படிகள் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. பிளக்ஸுக்கும் படிகள் இருக்கின்றன. இறந்தவரின் ஆதார் அட்டைப் படத்தையோ கல்யாண ஆல்பத்தில் ஓரமாக நிற்கும் படத்தையோ எடுத்து வருகிறார்கள். முகத்தை மட்டும் வெட்டுகிறார்கள். வெற்றுடம்பில் துண்டோடு நின்றவருக்கு வெள்ளைச் சட்டை போடுகிறார்கள். தோற்றம், மறைவு, கீழே உறவினர் பெயர் வரிசை. கல்லில் 'தொறு மீட்டுப் பட்டான்', அதாவது மாட்டு மந்தையை மீட்டு இறந்தான் என்று ஒரு வாய்பாடு. பிளக்ஸில் 'இயற்கை எய்தினார்' என்று ஒரு வாய்பாடு. யார் பெயர் விட்டுப்போனது என்று ஒரு குடும்பம் கடை வாசலிலேயே சண்டை போட்டதை அப்படியே எழுதியிருக்கிறார்.

அந்தக் கடைக்காரத் தம்பி பரிசளிப்பு விழாவுக்கு வந்திருந்தார். விழா பேனரைக் கொண்டுவந்து கட்டியவரே அவர்தான். அப்படியே பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை இறந்தவரைத் தூய்மையாக்கும் குறியீடு என்று மாணவி வாசித்தபோது கை தூக்கினார். "அப்படி ஒண்ணும் இல்லீங்க சார். வெள்ளைச் சட்டை ஒண்ணுதான் என் கம்ப்யூட்டர்ல நல்லா வெட்டி வெச்சிருக்கேன். எந்தத் தலைக்கும் பொருந்தும்." மண்டபமே சிரித்தது. மாணவி மட்டும் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பரிசை அவருக்குக் கொடுத்தது சரிதான் என்று எனக்கு அப்போதுதான் உறுதியானது.

சறுக்கல்களையும் சொல்லிவிட வேண்டும். இடம் தருவதாகச் சொன்ன ஒரு கல்லூரி கடைசி நேரத்தில் கைவிரித்ததால் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் விழா நடந்தது. சில கட்டுரைகள் யூனிகோடு இல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வந்தன. நடுவரின் மடிக்கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திறந்தன. அதில் ஒரு கட்டுரையை ஒப்புமை சோதிக்கும் மென்பொருளில் போட்டால், அதற்கும் அது தமிழாகத் தெரியாமல், பூஜ்யம் என்று வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. இவர் பூஜ்யம், சொக்கத் தங்கம்! நல்லவேளை, மூன்றாம் பக்கத்தைப் படித்த நடுவர், "இது நான் திருத்திய ஆய்வேடு ஆயிற்றே" என்றார். யூனிகோடுக்கு மாற்றிப் போட்டதும் குட்டு வெளிப்பட்டது. கட்டுரையைத் தள்ளிவிட்டோம், பெயரை வெளியிடவில்லை.

ஆகவே அடுத்த ஆண்டுக்கு யூனிகோடில் உள்ள கட்டுரைகளை மட்டும் ஏற்கலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. மானியக் குழுவின் 2022 விதிமுறைகளில் எம்.ஃபில். கைவிடப்பட்டுவிட்டது, நம் அறிவிப்பில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது, அதையும் எடுத்துவிடலாம். அப்புறம், இது என் தனிப்பட்ட ஆசை: பரிசுக்கு வரும் கட்டுரையை அதில் வரும் கூத்துக்காரருக்கோ கடைக்காரருக்கோ மாணவர் ஒருமுறை வாசித்துக் காட்டி, அவர்கள் மறுத்துச் சொன்னதைக் கடைசிப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். செயற்குழுவில் இருவர் இதை எதிர்க்கிறார்கள். ஆய்வாளரின் சுதந்திரம் போய்விடும் என்பது அவர்கள் கட்சி. இன்று வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.

முதல் பரிசு 5,000, இரண்டாம் பரிசு 3,000 ரூபாய், இரண்டும் விழா மேடையிலேயே கொடுக்கப்பட்டன. மற்ற கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சான்றிதழ் அச்சடித்த ரசீது என் சட்டைப் பையோடு சேர்த்துத் துவைக்கப்பட்டுவிட்டது; அதை மட்டும் சபை பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொள்ள வேண்டும்.