வேளாங்கண்ணி ரோட்டுல வெந்நி குடுத்த அக்காவுக்கு நன்றி

ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேத்தத்துக்கு சென்னையில இருந்து காவி கட்டி நடந்து போற கூட்டத்துல நானும் அம்மாவும் போனோம், சிதம்பரம் தாண்டி சீர்காழி போற வழியில அம்மாவுக்கு ரெண்டு பாதமும் கொப்புளம் வெடிச்சு ஒரு அடி எடுத்து வைக்க முடியல. ரோட்டோர வீட்டுல இருந்து ஒரு அக்கா ஓடி வந்து "உக்காருங்கம்மா"ன்னு திண்ணையில உக்கார வச்சு, பிளாஸ்டிக் பக்கெட்ல கல்லுப்பு போட்ட வெந்நி கொண்டுவந்து, அம்மா காலை தன் மடியில தூக்கி வச்சு விரலிடுக்குல ஒட்டின மண்ணெல்லாம் பொறுமையா கழுவி, பழைய வேட்டிய கிழிச்சு கட்டியும் விட்டாங்க.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில சர்ச் சாமியார் பன்னெண்டு பேர் காலைக் கழுவுறத வருஷா வருஷம் பாக்குறோம், பைபிள்ல யோவான் 13ல இயேசு தன் சீடர்களுக்கு செஞ்சதுதான், அத நடுரோட்டுல ஒருத்தர் செஞ்சு இப்பதான் பாத்தேன். காசு நீட்டினா வாங்கல, "ஆண்டவர் எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்காரு, நான் இதாவது செய்றேன், மாதாகிட்ட எங்க வீட்டுக்கும் ஒரு மெழுகுதிரி ஏத்துங்க"ன்னாங்க. பேர் கேக்குறதுக்குள்ள அடுத்த கூட்டத்துக்கு தண்ணி குடுக்க போயிட்டாங்க.

மெழுகுதிரி ஏத்தியாச்சுக்கா, அம்மா கால் நல்லா ஆறிடுச்சு. இப்போ ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நடக்க முடியாத பாட்டிங்கள அம்மாதான் கையப் பிடிச்சு ஆட்டோ வரைக்கும் கூட்டிட்டு போறாங்க, உங்கள பத்தி சொல்லிக்கிட்டே. ரொம்ப நன்றிக்கா.