எங்க தங்கச்சிக்கு துணையா நின்ன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நாங்க கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணம். என் தங்கச்சிக்கு ஸ்கூல் படிக்கிறப்பவே பிட்ஸ் வர ஆரம்பிச்சிது, அப்போல இருந்து மருந்துலதான் இருக்கா. நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் தினம், இந்த நேரத்துலயாவது நன்றிய எல்லார் முன்னாடியும் சொல்லிடணும்னு எழுதறேன்.

மொதல்ல பெங்களூர் நிமான்ஸ் ஆஸ்பத்திரி டாக்டருங்களுக்கு. தங்கச்சி கார்பமசெபின்னு ஒரு வலிப்பு மாத்திரை சாப்ட்டா, பிட்ஸ் நிக்கல. கூட லெவிடிராசிடம் சேத்து டோஸ் ஏத்துனாங்க, கொறஞ்சிது ஆனா நிக்கல. ஊர்ல ஆளாளுக்கு மருந்த நிறுத்திட்டு மந்திரிச்சி கயிறு கட்டுங்கன்னு சொல்லினு இருந்த நேரம் அது. அப்போ தமிழ் பேசற ஒரு டாக்டரம்மா எங்கம்மாவ பக்கத்துல உக்கார வெச்சி, சரியான மருந்து ரெண்டு சரியான அளவுல குடுத்தும் பிட்ஸ் நிக்கலன்னா அது மருந்துக்கு கட்டுப்படாத வலிப்பு, வலிப்பு இருக்கறவங்க பத்து பேர்ல மூணு பேருக்கு இப்படி ஆகும், இதுல உங்க தப்போ பொண்ணு தப்போ எதுவும் இல்லம்மான்னு பொறுமையா சொன்னாங்க. பொண்ணு பொறந்த நேரம் சரியில்லன்னு கேட்டு கேட்டு நொந்து போயிருந்த அம்மாவுக்கு அந்த வார்த்தை எவ்ளோ பெருசுன்னு எங்களுக்குத்தான் தெரியும்.

மூளையோட மின்சார அலைய பாக்கற இஇஜி டெஸ்ட்ல, பிட்ஸ் மூளையோட ரெண்டு பக்கத்துல இருந்தும் கிளம்புது, ஆபரேஷன் இப்போதைக்கு வேணாம்னு சொல்லி மூணாவதா க்ளோபசாம் சேத்தாங்க, ராத்திரி மட்டும், கம்மியா ஆரம்பிச்சி மெதுவா ஏத்தி. ஆரம்பத்துல காலைல எழுந்திரிக்கவே முடியாது அவளால, ஒரே தூக்கம். அவ வேலை செய்யற தையல் கடை அக்கா, மெதுவா வா கண்ணுன்னு சொல்லி, மோட்டர் மிஷின்ல இருந்து மாத்தி கொக்கி, காஜா வேலை குடுத்து சம்பளத்தையும் கொறைக்காம பாத்துக்கிட்டாங்க. அக்கா, உங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

அடுத்து எங்க மெடிக்கல் அண்ணன். க்ளோபசாம் டாக்டர் சீட்டு இல்லாம தரமாட்டாங்க, எல்லா கடையிலயும் ஸ்டாக்கும் இருக்காது, ஆனா திடீர்னு விட்டுட்டா பிட்ஸ் அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாயிடும். 2020 லாக்டவுன்ல கர்நாடகா பார்டர் தாண்ட முடியல, பஸ்ஸும் இல்ல. அண்ணன் எங்க பழைய சீட்ட எடுத்துனு அவரே ஜிஎச் டாக்டர் கிட்ட போய் பேசி புது சீட்டு எழுதி வாங்கி, சேலத்துல இருந்து மருந்து வண்டில அட்டைய வரவெச்சி வீட்டு வாசல்ல வந்து குடுத்தாரு. இன்னிக்கி வரைக்கும் மருந்து தீர ஒரு வாரம் முன்னாடியே போன் பண்ணிடுவாரு. அந்த போன் வந்தா எங்களுக்கு பாதி கவலை தீந்துடும்.

பஸ் ஸ்டாண்ட் பூக்கார அம்மா, உங்கள மறக்கவே முடியாது. அவ கீழ விழுந்தப்போ கூட்டம் கூடி ஒருத்தர் கைல சாவி குடுக்க வராரு, இன்னொருத்தர் வாயில ஸ்பூன் வைக்கணும்ங்கறாரு. நீங்க எல்லாரையும் விலக்கிட்டு, அவள ஒருக்களிச்சி படுக்க வெச்சி, பூக்கூடை துணிய மடிச்சி தலைக்கு குடுத்து, அஞ்சு நிமிஷம் தாண்டுனா 108க்கு போடலாம்னு போன்ல டைம் பாத்துனு இருந்தீங்களாம். அதுக்குள்ள தானா நின்னுடிச்சி. எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா தையல் கடை அக்கா சொல்லிக் குடுத்ததுன்னீங்க!

மாங்கா சீசன்ல அம்மா மாங்கூழ் கம்பெனிக்கு போயிடுவாங்க, நானும் ஓசூர்ல ஷிப்ட். அந்த மாசமெல்லாம் காலை மருந்த கைல குடுத்து முழுங்கற வரைக்கும் நின்னு பாத்துட்டு, காலண்டர் தாள்ல டிக் போட்ட எதிர்வீட்டு ஆயாவுக்கும் நன்றி. பிட்ஸ் வந்த நாளுக்கு செவப்பு பேனாவுல வட்டம் போட்டு வெச்சிருந்தாங்க, டாக்டர் அந்த தாளுங்கள பாத்துதான் டோஸ முடிவு பண்ணாரு.

பிட்ஸ் முழுசா நிக்கல, அத மறைக்க வேணாம். வாரத்துக்கு ரெண்டு மூணு வந்தது இப்போ மாசத்துக்கு ஒண்ணு, சில மாசம் அதுவும் இல்ல. மருந்து மூணும் இன்னும் பல வருஷம் ஓடணும்னு சொல்லியிருக்காங்க, ஓட்டுவோம். நம்ம பக்கம் யாருக்காவது இந்த மருந்து எந்த கடையில கிடைக்கும், நிமான்ஸ்ல எங்க சீட்டு போடணும்னு தெரியலன்னா தயங்காம கேளுங்க, கூடவே வந்து காட்டறேன்.