லிட்ரேச்சர் ரிவியூ முடிஞ்சிருச்சு, சுங்கை சிப்புட் சொந்தங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். மாஸ்டர்ஸ் நர்ஸிங் ப்ராஜெக்ட்டுக்கு எழுதுன லிட்ரேச்சர் ரிவியூவ, அதாவது ஒரு கேள்விக்கு ஏற்கெனவே வந்த ஆய்வுகள தேடிப் படிச்சு அலசுற பகுதிய, போன வாரம் ஒப்படைச்சிட்டேன், சூப்பர்வைசர் ஓகே சொல்லிட்டாங்க. இத நான் தனியா எழுதல, அதுக்குத்தான் இந்த மடல்.

மொதல்ல அப்பாவுக்கு. பால்மரம், அப்புறம் செம்பனைன்னு தோட்டத்துலயே உழைச்ச மனுஷன், இனிப்புநீர்ல, அதான் சர்க்கரை வியாதில, கால்ல உணர்ச்சியே போயி, செம்பனை முள்ளு ஏறுனதுகூட தெரியாம புண்ணாகி, கடைசில ரெண்டு விரல எடுக்க வேண்டியதாப் போச்சு. 2019 தேசிய சுகாதார ஆய்வுல நம்ம மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டுக்கு இனிப்புநீர்னு படிச்சப்போ எனக்கு அப்பா கால்தான் கண்ணுல நின்னுச்சு. தலைப்பும் அப்பவே முடிவாயிருச்சு, கால் பராமரிப்பு பத்தி நர்ஸ் சொல்லிக்குடுத்தா புண்ணு வராம தடுக்க முடியுமா?

லைப்ரரில வேலை செய்யுற காக்குக்கு (மலாய்ல அக்கா) கோடி நன்றி. நான் பப்மெட்ங்கிற மருத்துவக் கட்டுரைத் தளத்துல ரெண்டு வார்த்தைய தட்டி ஆயிரக்கணக்குல கட்டுரை வந்து முழிச்சிட்டு இருந்தப்போ, பக்கத்துல உக்காந்து கேள்விய பைகோவா பிரிக்கச் சொன்னாங்க, யாருக்கு, என்ன செய்யுறோம், எதோட ஒப்பிடுறோம், என்ன பலன்னு. ஒரே அர்த்தம் உள்ள சொல்லெல்லாம் 'ஓர்' போட்டுச் சேக்கணும், வேற வேற கருத்த 'அண்ட்' போட்டு இணைக்கணும், நர்ஸிங் கட்டுரைங்களுக்கான சினால் தளத்துல தனியா தேடணும், எத எதுக்காகத் தள்ளுனோம்னு அன்னன்னிக்கே எழுதி வைக்கணும்னு சொல்லிக்குடுத்தாங்க. அந்தக் குறிப்பு இல்லன்னா எத்தன கட்டுரை கெடச்சுது, எத்தன தள்ளுனோம்னு காட்டுற ப்ரிஸ்மா படத்த என்னால வரைஞ்சிருக்கவே முடியாது.

சூப்பர்வைசர் மேடத்துக்கு நான் ரொம்பக் கடன்பட்டிருக்கேன். என் மொத டிராஃப்ட்ல ஒரு பேராவுக்கு ஒரு கட்டுரைன்னு சுருக்கி அடுக்கியிருந்தேன், அதோட சொல்லிக்குடுத்தா புண்ணு வராதுன்னு அடிச்சும் எழுதிட்டேன், ஏன்னா அதுதான் உண்மையா இருக்கணும்னு நான் ஆசப்பட்டேன். அவங்க இதே கேள்விய பத்தின ஆய்வுகள மொத்தமா சேத்து அலசுன 2014 காக்ரேன் ரிவியூவ முழுசா படிக்கச் சொன்னாங்க. 12 ட்ரையல (நோயாளிங்கள வெச்சு நடத்துன ஒப்பீட்டுச் சோதனைங்கள) பாத்துட்டு, அறிவும் பழக்கமும் கொஞ்ச நாளைக்குக் கூடுது, ஆனா வெறும் கல்வியால மட்டும் புண்ணு குறையுதுன்னு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லன்னு அதுல இருக்கு. அன்னிக்கு ராத்திரி அழுதேன். "ஆதாரம் எங்க நிக்குதோ அங்கயே நீயும் நில்லும்மா, அந்த இடைவெளிதான் உன் ப்ராஜெக்ட்"னாங்க. அதுக்கப்புறம்தான் கட்டுரைங்கள ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பாத்து, எங்க ஒத்துப்போகுது, எங்க முரண்படுது, ஏன்னு எழுத ஆரம்பிச்சேன்.

நைட் ஷிஃப்ட் மாத்திக்குடுத்த வார்டு தோழிங்களுக்கு, பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி கதையெல்லாம் சொன்ன டிரெசர் (அந்தக் கால தோட்டத்து மருத்துவ உதவியாளர்) தாத்தாவுக்கு, தெனம் பசியாற சாப்பாடு கட்டிக்குடுத்த அம்மாவுக்கு, எல்லாருக்கும் நன்றி.

பக்கத்து வீட்டு அக்கா, உங்க வீட்டு ஹால் செவுத்துல ரெண்டு மாசமா பெரிய மாஜோங் பேப்பர்ல நான் எழுதுன கட்டுரை அட்டவணைய ஒட்ட விட்டு, என் புள்ளைங்களையும் உங்க வீட்டுலயே தூங்க வெச்சீங்க. ஞாயித்துக்கிழமை வந்து பிரிச்சு எடுத்துக்கிறேன்க்கா, தீபாவளிக்குள்ள அந்தச் செவுத்துக்குச் சாயம் அடிச்சுக்குடுக்க தம்பியும் வர்றான்.